விசேஷ வீட்டில் ரம்மிக்கு உட்காரும் முன்: 13 சீட்டுக்கு ஒரு வழிகாட்டி

"மாப்பிள்ளை, ஒரு கை குறையுது, வந்து உட்காருங்க."

செட்டிநாட்டுப் பக்கம் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), திருமணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று எதற்குப் போனாலும் இந்த அழைப்பு வந்துவிடும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கூட்டித் துடைத்த அன்றே முகப்பில் ஒரு ஜமுக்காளம் விரிந்திருக்கும். போனில் ஆடிப் பழகியவர்கள் தெம்பாகப் போய் உட்கார்ந்து, முதல் மணி நேரத்திலேயே முழிப்பார்கள். அங்கே மெஷின் பார்த்துக்கொண்ட வேலையெல்லாம் இங்கே உங்கள் தலையில்: எண்ணுவது, அடுக்குவது, கணக்கு எழுதுவது, எதிராளியின் தப்பைக் கண்டுபிடிப்பது. விதியும் வீட்டுக்கு வீடு மாறும். காரைக்குடியில் ஒரு வீட்டில் 20 பாயிண்ட்டுக்குப் போகும் ஸ்கூட் (கை மோசமென்று அந்த ஆட்டத்தை ஆடாமல் விலகுவது), தேவகோட்டையில் இன்னொரு வீட்டில் 25 ஆகும். ரம்மியில் பாயிண்ட் என்பது தோற்றவர் பெயரில் ஏறும் சுமை; புதிதாக உட்காருபவர் அதை வாங்குவது பெரும்பாலும் இப்படிக் கேட்காமல் விட்ட விஷயத்தில்தான். அதனால் சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன்.

1. இடத்தைப் பார்த்து உட்காருங்கள்

அற்பமாகத் தெரியும், ஆனால் முக்கியம். முகப்பிலும் பட்டாலையிலும் பழைய பெல்ஜியம் கண்ணாடிகள் சுவரில் சாய்வாகத் தொங்கும். அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் எதிரே இருப்பவருக்கு உங்கள் கை மொத்தமும் கண்ணாடியில் தெரியும். அவர் வேண்டுமென்று பார்க்காவிட்டாலும் கண்ணில் படத்தான் செய்யும். கண்ணாடி இல்லாத சுவருக்கு முதுகு காட்டி இடம் பிடியுங்கள்.

ஆத்தங்குடிக் கல் தரையில் நேராகச் சீட்டைப் போட்டு ஆட வேண்டாம். வழுவழுப்பில் சீட்டு ஒட்டிக்கொள்ளும். நகத்தால் கிளப்பும்போது ஓரம் மடங்கும். மடங்கிய ஓரம் அப்புறம் எல்லோருக்கும் அடையாளம். ஜமுக்காளம் அல்லது கெட்டித் துப்பட்டி போதும். வளவு வாசல் திறந்திருந்தால் காற்று வரும், மேலே மின்விசிறியும் ஓடும், தரைச் சீட்டு பறக்கும். ஃபேனுக்கு நேர் கீழே உட்காராதீர்கள்.

பலகாரத் தட்டு ஜமுக்காளத்துக்கு வெளியே இருக்கட்டும். வெள்ளைப் பணியாரமோ கந்தரப்பமோ தொட்ட விரலால் சீட்டைத் தொட்டால், அந்த எண்ணெய்க் கறை பட்ட ராணி யாரிடம் இருக்கிறது என்று அன்று முழுக்க ஊருக்கே தெரியும்.

2. தேவையான சாமான்கள், செலவு

இரண்டு முதல் ஆறு பேர் வரை இரண்டு கட்டு. ஏழு பேர் முதல் மூன்று கட்டு. ஆறு பேருக்கு 13 வீதம் 78 சீட்டு போய்விடும். இரண்டு கட்டும் கட்டுக்கு ஒரு ஜோக்கருமாக மொத்தம் 106. மீதி 28-இல் கட் ஜோக்கர் (அந்த ஆட்டத்தின் ஜோக்கர் எது என்று காட்டும் சீட்டு) ஒன்று, தரையில் திறந்த சீட்டு ஒன்று போக, மூடிய கட்டில் 26 நிற்கும். ஏழாவது ஆளையும் இதிலேயே சேர்த்தால் மூடிய கட்டில் 13-தான் மிஞ்சும். இரண்டு சுற்று முடிவதற்குள் தரைச் சீட்டை மறுபடி கலைக்க வேண்டி வரும். அதற்குத்தான் மூன்றாவது கட்டு.

இரண்டு கட்டுக்கும் பின்புறம் ஒரே நிறம், ஒரே டிசைன் இருக்க வேண்டும். சிவப்பும் நீலமும் கலந்து ஆடுகிற வீடுகள் உண்டு. அப்படி ஆடினால் மூடிய கட்டின் மேல் சீட்டு எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். காகிதக் கட்டு விலை குறைவு, ஆனால் இரண்டு நாள் விசேஷத்திலேயே முனை பிய்ந்துவிடும். பிளாஸ்டிக் கட்டு சில மடங்கு விலை என்றாலும் வருஷக்கணக்கில் வரும், துடைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குபவருக்கு என் யோசனை பிளாஸ்டிக்.

பீரோவில் கிடக்கும் பழைய கட்டை எடுத்தால் எண்ணாமல் ஆடவே கூடாது. எண்ணுவதற்கு எளிய வழி: ஏஸ் முதல் ராஜா வரை 13 குவியலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குவியலிலும் எட்டு இருக்க வேண்டும், ஜோக்கர் தனியாக இரண்டு. இரண்டு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஒரு டைமன் 6 இல்லாத கட்டில் டைமன் 5-ஐயும் 7-ஐயும் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் பாவம்.

பேனா, கோடு போட்ட நோட்டு. டீல் ரம்மி (இத்தனை ஆட்டம் என்று முன்பே வைத்து ஆடுவது) ஆடுவதாக இருந்தால் கொஞ்சம் சோழி, புளியங்கொட்டை. பல்லாங்குழி வைத்திருக்கும் வீட்டில் இரண்டுமே கிடைக்கும்.

3. காகிதத்தில் முதலில் எழுத வேண்டியவை

இந்த ஆட்டத்துக்கு ஆவணம் என்று ஏதாவது உண்டென்றால் கணக்குச் சீட்டுதான். பெயர்களை எழுதுவதற்கு முன் அதன் தலையில் அன்றைய விதிகளை எழுதிவிடுங்கள். புதியவர் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பாதி ஆட்டத்தில் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள். கேட்க வேண்டியவை இவை:

பாயிண்ட் ரம்மியா (ஒவ்வொரு ஆட்டமும் தனிக் கணக்கு), 101-ஆ, 201-ஆ (பூல்: அந்தப் பாயிண்ட்டைத் தொட்டவர் வெளியே)?

ஸ்கூட் எத்தனை? 101-இல் பொதுவாக முதல் ஸ்கூட் (சீட்டு எடுக்கும் முன்) 20, மிடில் ஸ்கூட் (எடுத்த பிறகு) 40. 201-இல் 25, 50.

ராங் டிக் (சேராத கையைச் சேர்ந்துவிட்டது என்று காட்டி முடிப்பது) அடித்தால் 80-தானே?

கட் ஜோக்கராக அச்சடித்த ஜோக்கரே வந்தால் என்ன? வழக்கம், எல்லா ஏஸும் ஜோக்கர் ஆகும். மறுபடி வெட்டுகிற வீடும் உண்டு.

தரையில் போட்ட ஜோக்கரை அடுத்தவர் எடுக்கலாமா? வழக்கமாகக் கூடாது. ஆட்டம் தொடங்கும்போது திறந்து வைக்கும் முதல் சீட்டே ஜோக்கராக இருந்தால் மட்டும் முதல் ஆள் எடுத்துக்கொள்ளலாம்.

வெளியே போனவர் திரும்ப வரலாமா, எந்தப் புள்ளி வரைக்கும்?

நடுவில் ஒருவர் பந்திக்கோ, வந்தவர்களை வரவேற்கவோ எழுந்து போக வேண்டி வந்தால் அவர் கைக்கு என்ன கணக்கு? விசேஷ வீட்டில் அதிகம் தகராறு வருவது இதில்தான். கையில் இருக்கும் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுவது என்று முன்பே பேசிவிடுங்கள்.

4. கலைப்பது, வெட்டுவது, போடுவது

போடுகிறவர் நன்றாகக் கலைத்து, வலப்பக்கம் இருப்பவரிடம் வெட்டக் கொடுப்பார். பிறகு இடப்பக்கத்திலிருந்து ஆளுக்கு ஒவ்வொன்றாக 13 சுற்று. மூன்று மூன்றாகப் போடுவது நேரம் மிச்சம்தான், ஆனால் போன ஆட்டத்தில் சேர்ந்திருந்த செட்டெல்லாம் அப்படியே ஒருவர் கைக்குப் போய்விடும்.

ஒரு சீட்டைத் திருப்பி மூடிய கட்டின் அடியில் குறுக்காகச் செருகுங்கள். அது கட் ஜோக்கர். அந்த எண்ணில் உள்ள எல்லாச் சீட்டும் ஜோக்கர்தான். கிளாவர் 4 வந்தால் ஆட்டின் 4, டைமன் 4, இஸ்பேட் 4 எல்லாமே. எட்டு நாலில் ஒன்று அடியில் கிடப்பதால் மீதி ஏழு, அச்சடித்த ஜோக்கர் இரண்டு, ஆக ஆட்டத்தில் ஒன்பது ஜோக்கர். ஆறு பேர் மேசையில் ஆளுக்கு ஒன்றரை கூட வராது. மூன்று வந்தால் அது உங்கள் நல்ல நேரம்.

சீட்டை எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை 13 இருக்கிறதா என்று எண்ணுவது. 12-ஓ 14-ஓ இருந்தால் முதல் ஆள் சீட்டு எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள், கலைத்துத் திரும்பப் போடுவார்கள். ஆட்டம் ஓடத் தொடங்கிய பிறகு சொன்னால் பல வீடுகளில் தப்பு உங்களுடையது, 80 உங்கள் பெயரில் ஏறும்.

5. எது சேரும், எது சேராது

13 சீட்டையும் மூன்று மூன்றாக, ஒன்று மட்டும் நாலாகச் சேர்ப்பது ஒரு வழி. நாலு, ஐந்து நீளமுள்ள வரிசையும் வைக்கலாம். கட்டாயம் இரண்டு.

ஒரிஜினல்: ஒரே ஜாதியில் அடுத்தடுத்த மூன்று சீட்டு, ஜோக்கர் உதவி இல்லாமல். ஆட்டின் 5, 6, 7. இது இல்லாமல் மற்றதெல்லாம் சேர்ந்தாலும் ஒன்றும் இல்லை. இதைத்தான் ஃபர்ஸ்ட் லைஃப் என்கிறார்கள்.

இரண்டாவது வரிசை: இதிலும் ஒரே ஜாதி, அடுத்தடுத்த சீட்டு. ஜோக்கர் போட்டுக்கொள்ளலாம். செகண்ட் லைஃப்.

இந்த இரண்டும் ஆன பிறகு மீதியை வரிசையாகவும் வைக்கலாம், செட்டாகவும் வைக்கலாம். செட் என்றால் ஒரே எண், வெவ்வேறு ஜாதி, மூன்று அல்லது நாலு.

புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

இரண்டு கட்டு என்பதால் ஒரே சீட்டு இரண்டு வரும். ஆட்டின் 8, ஆட்டின் 8, கிளாவர் 8 செட் ஆகாது. ஜாதி மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும். அவசரத்தில் அதிகம் நடக்கும் ராங் டிக் இதுதான்.

ஏஸ் கீழேயும் சேரும், மேலேயும் சேரும். ஏஸ், 2, 3 சரி. ராணி, ராஜா, ஏஸ் சரி. ராஜா, ஏஸ், 2 சுற்றி வராது.

கட் ஜோக்கர் தன் இடத்திலேயே நின்றால் அது ஜோக்கராகக் கணக்கில்லை. 4 ஜோக்கராக இருக்கும்போது கிளாவர் 2, 3, 4 கையில் இருந்தால் அது அசல் ஒரிஜினல்தான். இது தெரியாமல் கையில் ஒரிஜினலை வைத்துக்கொண்டே வேறொன்றைத் தேடுபவர்கள் நிறைய.

கிளாவரும் இஸ்பேடும் மாலை வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும். கையில் அடுக்கும்போது கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி அடுக்கினால் இந்தக் குழப்பம் வராது.

6. ஆடுவதா, ஸ்கூட்டா?

சீட்டு எடுப்பதற்கு முன் எடுக்க வேண்டிய முடிவு இது. ஒரு சீட்டு எடுத்துவிட்டால் ஸ்கூட்டின் விலை இரட்டிப்பு. 'ஒரு சீட்டு பார்ப்போமே' என்று எடுப்பதற்கு 20 பாயிண்ட் செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கையைப் பிரித்துப் பார்ப்போம். கட் ஜோக்கர் கிளாவர் 4. உங்கள் கையில்:

ஆட்டின் 6, 7, ஏஸ்
இஸ்பேட் 9, ஜாக்கி, ராணி
டைமன் 4, 8, ராஜா
கிளாவர் 2, 3, 8, ராஜா

ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி தலைக்கு 10, மற்றவை எண்ணுக்கு எண், ஜோக்கர் சைபர். கூட்டினால் 93. ஒரு ஆட்டத்துக்கு 80-க்கு மேல் எழுத மாட்டார்கள், ஆக இப்போது யாராவது டிக் அடித்தால் உங்களுக்கு 80. பார்க்க மோசமான கை. ஆனால் ஸ்கூட் அடிக்க வேண்டாம். ஏன்?

ஒரிஜினல் வருவதற்கு எத்தனை சீட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஆட்டின் 6, 7-க்கு ஆட்டின் 5 இரண்டு, 8 இரண்டு. இஸ்பேட் ஜாக்கி, ராணிக்கு 10 இரண்டு, ராஜா இரண்டு. கிளாவர் 2, 3-க்கு ஏஸ் இரண்டு, 4 ஒன்று (மற்ற கிளாவர் 4 அடியில் கிடக்கிறது). மொத்தம் 11 சீட்டு. உங்கள் கையிலும் அடியிலும் போக உங்களுக்குத் தெரியாத சீட்டு 92. மூன்று பக்கம் கதவு திறந்திருக்கிறது, கையில் ஒரு ஜோக்கரும் இருக்கிறது. ஆடலாம்.

முதலில் போட வேண்டியது ஆட்டின் ஏஸ். அதற்குத் துணை யாரும் இல்லை, 10 பாயிண்ட் பாரம். இப்போது ஆட்டின் 8 வந்தது என்று வையுங்கள். ஆட்டின் 6, 7, 8 ஒரிஜினல். டைமன் 4-ஐ 10-க்குப் பதிலாக வைத்தால் இஸ்பேட் 9, ஜோக்கர், ஜாக்கி, ராணி இரண்டாவது வரிசை. இரண்டு லைஃபும் ஆகிவிட்டதால் மீதிதான் கணக்கு: இரண்டு ராஜா 20, கிளாவர் 2-ம் 3-ம் 5, இரண்டு எட்டு 16. ஆக 41. ஒரே சீட்டில் 80 பாதியாக இறங்கியது. ரம்மியில் முதல் நாலைந்து சுற்றில் உங்கள் வேலை இந்த இரண்டு லைஃபை முடிப்பது மட்டும்தான். செட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது ஸ்கூட்? ஜோக்கர் இல்லை, அடுத்தடுத்த ஜோடி ஒன்றுகூட இல்லை, அல்லது இருப்பது 5, 7 மாதிரி நடுவில் ஓட்டை விழுந்த ஜோடிதான் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஓட்டை ஜோடிக்கு வர வேண்டிய சீட்டு மொத்தமே இரண்டு. 6, 7 போன்ற ஜோடிக்கு நாலு. ஏஸ், 2 ஜோடிக்கும் இரண்டுதான், ஒரு பக்கம் சுவர்.

101-இல் ஐந்து முதல் ஸ்கூட் அடித்தாலும் 100, உள்ளேதான் இருப்பீர்கள். 201-இல் 25 வீதம் எட்டு அடித்தால் 200. 'ஸ்கூட் அடிக்கிறது கோழைத்தனம்' என்று பக்கத்தில் நிற்பவர் உசுப்பேற்றுவார். அவர் காசு இல்லையே.

7. எடுப்பதும் போடுவதும்

ஒரு முறைக்கு ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். தரைச் சீட்டு வேண்டுமா, மூடியதா என்பது உங்கள் விருப்பம். தரைச் சீட்டை எடுக்கும்போது உங்கள் கையைப் பற்றி மேசைக்கே தகவல் சொல்கிறீர்கள். ஒரிஜினல் முடிவதாக இருந்தால் தயங்காமல் எடுங்கள். வெறும் செட்டுக்காக முதல் சுற்றிலேயே தரையில் எடுக்காதீர்கள்.

உங்களுக்கு அடுத்து ஆடுபவர் எதை எடுக்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும், ஆறு பேரையும் பார்க்க முடியாது. அவர் இஸ்பேட் 9 எடுத்திருந்தால் இஸ்பேட் 7, 8, 10, ஜாக்கியையும் மற்ற 9-களையும் அவர் பக்கம் போடாதீர்கள். போடுவதற்குப் பாதுகாப்பானது, ஏற்கெனவே தரையில் விழுந்து அவர் எடுக்காமல் விட்ட சீட்டு.

ராஜாவையும் ராணியையும் ஆசைப்பட்டு வைத்துக்கொள்வது புதியவர்களின் வழக்கம். 304 என்ற சீட்டாட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு ஜாக்கியை விட மனசே வராது, அங்கே அது 30 பாயிண்ட் சீட்டு. இங்கே பெரிய சீட்டு பாரம்தான். மூன்றாவது சுற்று வரை ஜோடி சேராவிட்டால் கழற்றிவிடுங்கள்.

மூடிய கட்டு தீர்ந்தால் தரைக் குவியலின் மேல் சீட்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கலைத்துக் கவிழ்க்க வேண்டும்.

8. டிக் அடிப்பது

எடுத்த பிறகு கையில் 14 இருக்கும். 13 சேர்ந்து ஒன்று மிஞ்சினால் அந்த ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு டிக். அதற்கு முன் மனதுக்குள் நாலு கேள்வி: ஒரிஜினல் எது? இரண்டாவது வரிசை எது? செட்டில் ஒரே ஜாதி இரண்டு இருக்கிறதா? போடுகிற சீட்டு போக 13 இருக்கிறதா? பத்து விநாடி ஆகும். 80 பாயிண்ட்டுக்கு எதிரே பத்து விநாடி ஒன்றுமில்லை.

கையைக் கீழே வைக்கும்போது ஒரிஜினலை முதலில், தனியாக வையுங்கள். ஆச்சிகள் ஆடும் ஜமாவில் இதில் தப்பிக்கவே முடியாது. "அப்பச்சி, ஒரிஜினலைக் காட்டுங்க, அப்புறம் மத்ததப் பேசலாம்" என்று கையை நீட்டி நிறுத்திவிடுவார்கள்.

மற்றவர் டிக் அடித்தால் உடனே உங்கள் கையைக் கலைத்துவிடாதீர்கள். அவர் காட்டியது சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கீழே வைக்க வேண்டும். ராங் டிக் என்றால் 80 அவருக்கு. மற்றவர்கள் கை அப்படியே இருந்தால்தான் அடுத்து என்ன என்று முடிவு செய்ய முடியும்.

9. கணக்கு

ஒரிஜினல் இல்லையென்றால் கையில் உள்ள எல்லாம் எண்ணப்படும், மூன்று செட் வைத்திருந்தாலும் சரி. ஒரிஜினல் இருந்து இரண்டாவது வரிசை இல்லையென்றால் ஒரிஜினல் மட்டும் கழியும். இரண்டும் இருந்தால் சேராத சீட்டு மட்டும். ஜெயித்தவருக்கு சைபர்.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் அன்றைய பாயிண்ட்டை எழுதி, பக்கத்திலேயே கூட்டியதையும் எழுதுங்கள். கடைசியில் மொத்தமாகக் கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் யார் 101-ஐத் தாண்டினார்கள் என்பதே தெரியாமல் இரண்டு ஆட்டம் ஓடிவிடும். எழுதுபவர் ஒருவர், பார்த்துச் சொல்பவர் இன்னொருவர்.

101-ஐத் தொட்டவர் வெளியே. திரும்ப வர விரும்பினால், மேசையில் இருப்பவர்களில் அதிகப் பாயிண்ட் 79-க்குள் இருக்க வேண்டும், இன்னொரு முறை நுழைவுப் பணம் கட்ட வேண்டும், அந்த அதிகப் பாயிண்ட்டோடு ஒன்று கூட்டி அதிலிருந்து தொடங்க வேண்டும். அதிகம் 63 என்றால் நீங்கள் 64-இல் வருவீர்கள். 201-க்கு அந்த எல்லை 174. என்னைக் கேட்டால் 60-க்கு மேல் திரும்ப நுழைவது நஷ்டக் கணக்கு. மிஞ்சுவது ஒரே ஒரு ஸ்கூட்தான்.

நேரம்: ஆறு பேர் 101 மேசை முடிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். 201 என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. பந்திக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பூல் தொடங்காதீர்கள், பாயிண்ட் ரம்மி ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் தனிக் கணக்கு, எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடலாம்.

பாயிண்ட் ரம்மியில் தோற்றவர்களின் பாயிண்ட் மொத்தமும் ஜெயித்தவருக்கு. 41, 80, 20, 20, 12 என்றால் 173. பாயிண்ட் ஒரு ரூபாய் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஒரு ஆட்டத்துக்கு உங்கள் அதிகபட்ச நஷ்டம் 80 ரூபாய், மணிக்கு எட்டு ஆட்டம் என்றால் 640 என்று பெருக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள். பழகும்வரை பத்து பைசா போதும், அல்லது வெறும் நோட்டுக் கணக்கு.

டீல் ரம்மி குழந்தைகளோடு ஆட நல்லது. இரண்டு ஆட்டம் என்று வைத்து ஆளுக்கு 160 கொடுங்கள்: சோழி ஒன்றுக்கு 10 வீதம் 14 சோழி, புளியங்கொட்டை 20. முடிவில் யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் ஜெயித்தார்.

10. மற்ற வகைகள், சுருக்கமாக

21 சீட்டு: மூன்று கட்டு, குறைந்தது மூன்று ஒரிஜினல். கட் ஜோக்கருக்கு மேலும் கீழும் உள்ள அதே ஜாதிச் சீட்டும் ஜோக்கர் ஆகும். கட் ஜோக்கர் ஆட்டின் 7 என்றால் ஆட்டின் 8 மேல் ஜோக்கர், ஆட்டின் 6 கீழ் ஜோக்கர். இவற்றைக் கையில் வைத்திருப்பதற்கே தனிப் பாயிண்ட் உண்டு, அது வீட்டுக்கு வீடு மாறும். 13-இல் ஆறு மாசம் பழகாமல் இதில் உட்கார வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஜின் தெரிந்திருக்கும். அது இரண்டு பேர், ஒரு கட்டு, 10 சீட்டு, ஜோக்கர் கிடையாது. சேராத சீட்டின் கூட்டு 10-க்குள் வந்தாலே தட்டி முடித்துவிடலாம். 500 ரம்மியில் சேர்ந்ததை ஆட்டத்தின் நடுவிலேயே தரையில் வைத்துப் பாயிண்ட் வாங்குவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் மூன்று சீட்டு சேர்ந்ததும் கீழே வைத்துவிடுவார்கள், தடுத்துச் சொல்லுங்கள். மெக்சிகோவில் 19-ஆம் நூற்றாண்டில் ஆடிய கான்கியனிலேயே இந்த எடுத்துப் போட்டுச் சேர்க்கும் முறை இருந்தது. நம் பக்க 13 சீட்டைத் தனியாகக் காட்டுவது இரண்டு கட்டும், கட் ஜோக்கரும், ஒரிஜினல் கட்டாயமும்.

11. பணம் வைத்து ஆடுவது பற்றி

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், மூன்று சீட்டு போன்றது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் சொன்னது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள் தீர்ப்பின் மறுபாதியை விட்டுவிடுவார்கள்: இடம் கொடுப்பவர் அந்த ஆட்டத்தில் லாபம் எடுத்தால் குற்றமாகலாம். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் இவ்வளவு 'வீட்டுக்கு' என்று பணம் பிடிக்கும் இடத்தில் உட்காராதீர்கள். டீச் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்வது வேறு, மேசையிலிருந்து கமிஷன் எடுப்பது வேறு.

போனில் பணம் கட்டி ஆடுவதற்கு இந்த வாதமெல்லாம் செல்லாது. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கு அப்புறமும் ஒரு ஆப் பணம் கேட்டால் கட்டாதீர்கள், போன பணத்தைக் கேட்டு வாங்க வழி கிடைக்காது.

12. எழுந்திருக்கும் முன்

கடன் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலையில் பெட்டி கட்டிக்கொண்டு ஆளுக்கொரு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், அடுத்த விசேஷம் எப்போதோ. நோட்டில் உள்ளதை அன்றே தீர்த்து, அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

சீட்டைக் கொட்டானில் (ஓலைப் பெட்டி) போட்டு உள்ளே எடுத்து வைக்கும் முன் மறுபடி ஒருமுறை 106 எண்ணுங்கள். குறைந்தால் ஜமுக்காளத்தின் மடிப்பில் பாருங்கள், அங்கே இல்லையென்றால் கடைசியாகப் பந்திக்கு ஓடியவரின் சட்டைப் பையில்.